லோயரிங் செய்த ஹேட்ச்பேக்கில் உள்ஓரம் தேய்ந்த முன் டயர்கள்: பெங்களூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐந்து வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் உத்திரம்), 185/65 ஆர் 15 டயர். இங்கே ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே அமைப்புதான். அதனால் இங்கே கண்டவை வேறு கம்பெனி வண்டிகளுக்கும் ஓரளவு பொருந்தும்.

உரிமையாளர் தருமபுரிக்காரர். அல்சூரில் குடியிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறார். வார நாள்களில் சில்க் போர்டு நெரிசலில் தனியாக ஓட்டுவது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போவது. வண்டி பார்வைக்குத் தாழ்வாக இருக்க வேண்டும் என்று, 35 மி.மீ. இறக்கம் என விற்கப்பட்ட லோயரிங் ஸ்பிரிங் நான்கையும் நகரின் நடுவில் உள்ள ஒரு கடையில் போட்டிருந்தார். ஷாக் அப்சார்பர்கள் பழையவையே. அன்றே முன்னால் இரண்டு புது டயர், அன்றே 3டி அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது. பிரின்ட்அவுட்டில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது அளவுகள் வரம்புக்குள். முன் மொத்த டோ (மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்பகுதி உள்ளே குவிந்தோ வெளியே விரிந்தோ நிற்கும் கோணம்) 0.00°.

அதன்பின் 9,000 கி.மீ. ஓடியிருந்த நிலையில் வண்டி பார்வைக்கு வந்தது.

வந்தபோது இருந்த நிலை

முதல் புகார் டயர் அல்ல, சத்தம். மணிக்கு 50 கி.மீ. தாண்டியதும் முன்னாலிருந்து ஒரே சீரான 'ஊம்' என்ற ஒலி. வீல் பேரிங் போய்விட்டது என்று ஓரிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததில் பேரிங்கில் கரகரப்போ ஆட்டமோ இல்லை. டயரின் உள்ஓரத்தைத் தொட்டதும் சத்தத்தின் காரணம் தெரிந்துவிட்டது. உரிமையாளரும் அந்தத் தேய்மானத்தைப் பார்த்திருக்கிறார். தீர்வையும் முடிவு செய்துகொண்டே வந்திருந்தார். (கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். கேம்பர் போல்ட் அந்தச் சாய்வைத் திருத்தப் போடுவது.)

"அண்ணா, இறக்கினதுல கேம்பர் நெகட்டிவ் ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் கேம்பர் போல்ட் போட்டு நிமித்திடுங்க. நான் போய் டயர் வாங்கிட்டு வந்துடறேன்."

"டயரை இப்ப வாங்காதீங்க தம்பி. ஓடினதை அப்படியே விடுங்க, அதுல பாக்க வேண்டியது இருக்கு."

நல்லவேளையாக டயர்களை முன்பின் மாற்றிப் போடவில்லை. ரொட்டேஷன் செய்திருந்தால் எந்தத் தேய்மானம் எந்த அச்சில் வந்தது என்பது கலங்கிப் போயிருக்கும். புதிதில் 8 மி.மீ. இருந்த ட்ரெட் ஆழம் இப்போது இடது முன் டயரில் உள்ஓரம் 1.9, நடு 5.6, வெளிஓரம் 6.6. வலது முன் டயரில் 2.8, 5.7, 6.5. கார் டயருக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. என்பதால், இடது டயரின் ஆயுள் அநேகமாக முடிந்துவிட்டது. பின் டயர்கள் இரண்டும் சீராகவே தேய்ந்திருந்தன.

ஆழத்தைவிட முக்கியமான தடயம் ட்ரெட் கட்டைகளின் விளிம்பு. உள்ளங்கையை டயரின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தடவினால் வழவழப்பு. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பம் போலக் கையில் பிடித்தது. இரண்டு முன் டயரிலும் அப்படியே. கேம்பர் மட்டும் அதிகமானால் உள்ஓரம் மழமழவென்று சரிவாகத் தேயும். இப்படி ஒரு திசையில் மட்டும் கூர் எழும்பாது. கூர் வெளிநோக்கி நிற்பது டோ-அவுட்டின் அடையாளம். அதாவது சக்கரங்களின் முன்பகுதி வெளியே விரிந்து, டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. காற்று 30 பி.எஸ்.ஐ.; கதவோரத்து ஸ்டிக்கர் சொன்னதைவிட 3 குறைவு. காற்றுக் குறைவால் என்றால் இரண்டு ஓரமும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். அதனால் அது காரணப் பட்டியலிலிருந்து போனது.

அளந்தது

அலைன்மென்ட் மிஷினுக்கு முன்னால் டேப். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரம்தான் லோயரிங் வண்டியில் அடிப்படை அளவு. தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் நுழைந்துவிடும். இந்த மாடலுக்கு ஸ்பிரிங் மாற்றாத நிலையில் முன்னால் 378 மி.மீ. முந்தைய கடைக்காரர் தன் பில்லின் பின்பக்கம் பேனாவால் 351 என்று எழுதி வைத்திருந்தார்; அந்தப் பழக்கத்துக்காக அவரைப் பாராட்ட வேண்டும், இந்த ஆய்வே அந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது. இப்போது அளந்தால் முன் இரண்டு பக்கமும் 337. அலைன்மென்ட் செய்த நாளுக்குப் பிறகு வண்டி இன்னும் 14 மி.மீ. இறங்கியிருக்கிறது.

பிறகு மிஷினில் அளந்தது. டர்ன் பிளேட்டின் (முன் சக்கரம் நிற்கும் சுழல் தட்டு) பூட்டு ஊசிகளை எடுத்து, முன்னால் பின்னால் ஆட்டி சஸ்பென்ஷனை உட்கார வைத்து, ரன்-அவுட் (சக்கரம் சுழலும்போது வரும் கோணல்) சரிசெய்து எடுத்த அளவுகள்:

இடது முன் கேம்பர் −1.95°, வலது முன் −1.15°.
எஸ்.ஏ.ஐ. (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் உள்சாய்வு) இடது 14.05°, வலது 14.00°.
முன் மொத்த டோ −0.46° (கழித்தல் குறி என்றால் டோ-அவுட்). வண்டியில் யாரும் இல்லாதபோது.
பின் அச்சு கேம்பர் இரு பக்கமும் −1.4° அருகில், மொத்த டோ +0.18°, த்ரஸ்ட் கோணம் (பின் அச்சு வண்டியை நேர்கோட்டிலிருந்து விலக்கித் தள்ளும் அளவு) 0.03°.

பின் அச்சில் குறை சொல்ல எதுவும் இல்லை. டார்ஷன் பீமில் அட்ஜஸ்ட் செய்யவும் வழி இல்லை, ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால்தான் உண்டு.

இரண்டு விஷயங்கள் இங்கே தனித்தனியாகப் பிரிந்தன. முதலாவது, இடது வலது கேம்பர் வித்தியாசம் 0.8°. லோயரிங் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலத்தான் இறக்கும். வித்தியாசத்துக்கு அது காரணமாகாது. கேம்பரையும் எஸ்.ஏ.ஐ.யையும் கூட்டினால் வலதில் 12.85°, இடதில் 12.10°. எஸ்.ஏ.ஐ. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்து, கூட்டுத்தொகை மட்டும் ஒரு பக்கம் குறைந்தால் கோளாறு ஸ்ட்ரட்டிலோ நக்கிளிலோ (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) இருக்கிறது. லோயர் ஆர்மிலோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) சப்ஃபிரேமிலோ (அந்தக் கை மாட்டப்படும் சட்டம்) அல்ல. கழற்றிப் பார்த்தபோது இடது ஸ்ட்ரட் குழாய் கீழ் பிராக்கெட்டுக்கு மேலே லேசாக வளைந்திருந்தது. சீல் வழியாக எண்ணெய்க் கசிவு. பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் மெத்தைக் கட்டை) தூள் தூளாகி டஸ்ட் கவருக்குள் கிடந்தது. ஸ்பிரிங்கோடு வந்த குட்டை பம்ப் ஸ்டாப்கள் பெட்டியிலேயே இருந்தன, யாரும் போடவில்லை. 40 மி.மீ. இறக்கம் என்றால் ஷாக் மேலே ஏறும் இடத்தில் 40 மி.மீ. போய்விடுகிறது. பழைய நீளமான பம்ப் ஸ்டாப்பை அப்படியே விட்டால் சிறு பள்ளத்திலேயே அது முட்டும். முட்டி முட்டி உடைந்தபின் உலோகத்தோடு உலோகம் மோதும். இடது பக்கத்துக்கு அடி கூடுதல், ஏனென்றால் பள்ளம், மேன்ஹோல் மூடி, சாக்கடை ஓரம் எல்லாம் சாலையின் இடப்பக்கத்தில்.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதாக உரிமையாளர் சொல்லவே இல்லை. கேம்பர் அதிக நெகட்டிவாக இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், வண்டி இழுக்க வேண்டும். நகரச் சாலைகள் நீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. சமதளமான நைஸ் ரோட்டில் கையை விட்டுப் பார்த்தபோது வலப்பக்கம் நகர்ந்தது.

இரண்டாவது விஷயம் டோ. முன் இருக்கைகளில் இரண்டு பேரை உட்கார வைத்ததும் முன்பக்கம் 9 மி.மீ. இறங்கி, மொத்த டோ −0.74° ஆனது. ஓட்டுநர் இடத்தில் மட்டும் ஆள் இருந்தபோது −0.59°. உயரம் மாறினால் இந்த வண்டியில் டோ மாறும் வேகம் இதுதான்: 10 மி.மீ.க்கு ஒரு சக்கரத்தில் சுமார் 0.16°.

காரணம் என்ன என்று தீர்மானித்தது

இந்த வண்டியில் ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங் திருப்பத்தை இடவல அசைவாக்கும் பல்சட்டம்) முன் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அதைச் சக்கரத்தோடு இணைப்பது டை ராட். பாடி இறங்கும்போது டை ராடின் வெளிமுனை, ரேக் பக்க முனையைவிட மேலே போகிறது. டை ராட் போகும் வளைவும் லோயர் ஆர்ம் போகும் வளைவும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் நக்கிளின் பின்பகுதியை உள்ளே இழுக்கிறது. பின்பகுதி உள்ளே வந்தால் முன்பகுதி விரியும். கம்பெனி உயரத்தில் இது மிகச் சிறிது. 40 மி.மீ. கீழே, டை ராட் ஏற்கனவே சாய்ந்து நிற்கும் இடத்தில், ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வருகிறது.

அலைன்மென்ட் அன்று 351-ல் டோ சுழியம் என்று வைத்தது பொய்யல்ல. பிரின்ட்அவுட் உண்மை, உயரம்தான் தற்காலிகமானது. அந்த 14 மி.மீ. மூன்று இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, புது ஸ்பிரிங் முதல் சில நூறு கி.மீ.யில் கொஞ்சம் உட்காரும். இரண்டு, லிஃப்டிலிருந்து இறக்கியவுடன் டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை முழுதாக உட்கார விடாது, உருட்டினால்தான் உட்காரும். மூன்றாவது பெரும்பாலும் கவனிக்கப்படாதது. லோயர் ஆர்ம் புஷ்ஷின் பிவட் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போதே முழு டார்க்கில் (முழு இறுக்கு விசையில்) இறுக்கியிருந்தார்கள். ரப்பர் புஷ் இறுக்கிய நிலையில்தான் ஓய்வாக இருக்கும். தொங்கவிட்டு இறுக்கினால், வண்டி கீழே வந்ததும் அது முறுக்கிக்கொண்டு பாடியை மேலே தாங்கும். நாளாக ஆக ரப்பர் கிழிந்து விட்டுக்கொடுக்கும். இரண்டு ஆர்மிலும் பின் புஷ் கிழிந்தே இருந்தது. போல்ட்டைத் தளர்த்தியதும் வண்டி இன்னும் 3 மி.மீ. இறங்கி 334-ல் நின்றது, மீதமிருந்த முறுக்கு அவ்வளவு.

கேம்பரா டோவா என்ற கேள்விக்குக் கணக்கு இப்படி. ஓட்டுநரோடு −0.59° என்றால் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 0.3°. ஒரு கி.மீ. ஓடினால் அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 9,000 கி.மீ.க்கு 45 கி.மீ. பக்கவாட்டுத் தேய்ப்பு. வலதுபக்க கேம்பர் −1.15° என்பதோ, 150 மி.மீ. அகல ட்ரெட்டில் வெறும் 3 மி.மீ. சாய்வு. டயரின் பக்கச் சுவர் வளைந்தே அதை வாங்கிக்கொள்ளும். உள்ஓரத்தில் எடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டோ தேய்க்கிறது, கேம்பர் எந்த ஓரம் தேய வேண்டும் என்று தேர்ந்து கொடுக்கிறது. இடது டயர் முன்கூட்டியே போனதற்கு வளைந்த ஸ்ட்ரட்டின் கூடுதல் கேம்பர் காரணம். இரண்டு டயரும் போனதற்கு டோ காரணம்.

எடுத்த முடிவுகள்

கேம்பர் போல்ட் வேண்டாம் என்பது முதல் முடிவு. இடது பக்கம் அதைப் போட்டு −1.2°க்கு நிமிர்த்தியிருந்தால் பிரின்ட்அவுட் அழகாக இருக்கும், வளைந்த ஸ்ட்ரட் உள்ளேயே ஒளிந்திருக்கும். மேலும் கேம்பர் போல்ட்டின் தண்டு மூலப் போல்ட்டைவிட ஒல்லி, அதன் டார்க்கும் குறைவு. நம் பள்ளங்களில் நழுவுவதுண்டு. ஸ்ட்ரட் ஓட்டையை அரம் போட்டு நீட்டுவதும், சங்கிலி கட்டி ஜாக்கியால் வளைத்து கேம்பர் எடுப்பதும் சில கடைகளில் நடக்கிறது. அவற்றைப் பரிசீலிக்கவே இல்லை.

பழைய கம்பெனி ஸ்பிரிங்குக்கே திரும்பலாம் என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட ஆலோசனை. அவை வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன. உரிமையாளர் ஒப்பவில்லை. வண்டி அவருடையது, டோவைச் சரியான உயரத்தில் வைத்தால் டயர் நிற்கும் என்று கணக்கு சொல்கிறது. ஆகவே ஸ்பிரிங் அப்படியே இருக்க, மற்றவற்றை மாற்றுவது என்று முடிவானது: முன் ஸ்ட்ரட் இரண்டும் (வளைந்தது ஒன்றுதான் என்றாலும் ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்), டாப் மவுன்ட், அதன் பேரிங், குட்டை பம்ப் ஸ்டாப், லோயர் ஆர்ம் புஷ் செட். டயர் இரண்டு.

கேம்பரை அட்ஜஸ்ட் செய்யாமல் வருவதை ஏற்றுக்கொள்வது, டோவை மொத்தம் +0.10°ல் வைப்பது. ஏன் சுழியம் இல்லை? ஆள் ஏற ஏற இந்த வண்டி டோ-அவுட் பக்கம் போகிறது. ஓட்டுநரோடு +0.10° என்றால் பக்கத்தில் ஒருவர் உட்காரும்போது −0.05° அளவில் நிற்கும். வாரம் முழுக்கத் தனியாக, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஓடும் வண்டிக்கு இந்த நடுநிலை போதும்.

வேலை நடந்த வரிசை

ஸ்ட்ரட், புஷ் எல்லாம் மாட்டி, பிவட் போல்ட்டுகளை விரலிறுக்கத்தில் மட்டும் விட்டு வண்டியைத் தரைக்கு இறக்கினார்கள். உருட்டி, பானெட்டை அமுக்கி உட்கார வைத்தபின், நான்கு சக்கரமும் தாங்கும் டிரைவ்-ஆன் ரேம்ப்பில் ஏற்றி, அந்த உயரத்திலேயே கம்பெனி மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கினார்கள். இரண்டு தூண் லிஃப்டில் இதைச் செய்ய முடியாது, சக்கரம் தொங்கிவிடும். அது மட்டுமே இருக்கும் கடையில் லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, ஃபெண்டர் அளவு 334 வரும்வரை தூக்கி இறுக்கலாம்.

டிரைவர் சீட்டில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை, மேலே 20 லிட்டர் தண்ணீர் கேன். மொத்தம் 70 கிலோ. டேங்கில் பாதி பெட்ரோல், நான்கு டயரிலும் 33 பி.எஸ்.ஐ. ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, டை ராட் லாக் நட் தளர்த்தி, இரண்டு பக்கமும் சம அளவு திருகி டோ வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாகும், ஸ்டியரிங் கோணலாகும். லாக் நட்டை இறுக்கும்போது டை ராடும் சேர்ந்து சுழல்வதுண்டு. இறுக்கியபின் மறுபடி ரீடிங் பார்க்காமல் வண்டியை இறக்கக் கூடாது.

அன்று நின்ற அளவு: கேம்பர் இடது −1.25°, வலது −1.20°, மொத்த டோ +0.10°. 500 கி.மீ. ஓடியபின் வரச் சொன்னார்கள். வந்தபோது உயரம் 2 மி.மீ. குறைந்து 332, டோ +0.04°. மறுபடி +0.10°க்கு வைத்தார்கள். ஹெட்லைட் ஒளியின் உயரமும் அப்போதே சரிசெய்யப்பட்டது. முன் பின் இறக்கம் சமமாக இல்லாவிட்டால் ஒளி எதிரே வருபவர் கண்ணிலோ பம்பருக்கு முன்னாலோ விழும்.

தொடர்ந்து கண்டது

8,000 கி.மீ. கழித்து, இம்முறையும் ரொட்டேஷன் செய்யாமல், ஆழம் அளந்தார்கள். இடது: உள் 6.6, நடு 6.9, வெளி 7.0. வலது: உள் 6.7, நடு 6.9, வெளி 7.0. ஓரங்களின் வித்தியாசம் முன்பு இடதில் 4.7 மி.மீ., இப்போது 0.4. வலது பக்கத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. அந்தப் பக்கத்துக் கேம்பர் −1.15°லிருந்து −1.20° ஆனதே தவிரக் குறையவில்லை, ஆனாலும் 3.7 மி.மீ. வித்தியாசம் 0.3 ஆகிவிட்டது. கையில் ரம்பம் தட்டவில்லை. 'ஊம்' சத்தமும் இல்லை.

தீராதவையும் உண்டு. கம்பெனி சொன்ன கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டி அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 160 மி.மீ. சொச்சம், 46 மி.மீ. போனபின் 120க்கும் கீழே. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதை மெதுவாகக் கடக்கலாம். அல்சூர் உள்தெருக்களில் இருக்கும் முழம் அகலத் தடைகளில் நான்கு பேர் ஏறினால் அடிப்பகுதி உரசுகிறது. குட்டை பம்ப் ஸ்டாப் இருந்தும் ஆழமான பள்ளத்தில் முட்டத்தான் செய்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து விலகும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, எஃப்.சி.யிலோ (தகுதிச் சான்று) இன்சூரன்ஸ் கிளெய்மிலோ இது கேள்வியாகலாம் என்று உரிமையாளரிடம் எழுத்திலேயே கொடுக்கப்பட்டது.

அடுத்த வண்டியில் மாற்றிச் செய்ய வேண்டியவை

ஸ்பிரிங் மாற்றும் முன்பே நான்கு சக்கரத்தின் உயரத்தையும் ஜாப் கார்டில் எழுதுவது. மாட்டியபின்னும், 500 கி.மீ.யிலும் அதே இடத்தில் எழுதுவது. இந்த வண்டியில் பின்பக்க உயரத்தின் பழைய அளவு கிடைக்கவே இல்லை.

ஸ்பிரிங் விற்கும்போதே அலைன்மென்டை இரண்டு தடவையாக விலைபோடுவது. ஒரே தடவைக்குக் காசு வாங்கினால் வாடிக்கையாளர் இரண்டாவது தடவைக்கு வரமாட்டார், கடைக்காரரும் கூப்பிடமாட்டார். புது டயரை ஸ்பிரிங் போடும் அன்றே விற்காமல் 500 கி.மீ. வரை பழைய டயரிலேயே ஓட்டச் சொல்வது இன்னும் நல்லது. அந்த இடைவெளியில் டோ எங்கே போனாலும் போகப் போகிறது பழைய ரப்பர்.

பிரின்ட்அவுட்டில் சரிசெய்த பிறகு வந்த அளவோடு, சரிசெய்யும் முன் இருந்த அளவும், எஸ்.ஏ.ஐ.யும் அச்சாக வேண்டும். பெரும்பாலான மிஷின்களில் அது ஒரு செட்டிங்தான். ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி அளக்கச் சில நிமிடம் கூடுதலாகும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். இந்த வண்டியில் வளைந்த ஸ்ட்ரட்டைக் காட்டிக்கொடுத்தது அந்த எஸ்.ஏ.ஐ. வரிதான்.

பின் டயர்கள் இப்போது 4 மி.மீ. அருகில் இருக்கின்றன. அவை மாறும் வரை ரொட்டேஷன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அடுத்த அளவீடு மழைக்காலம் தொடங்குமுன்.